பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்பவர்கள்

போன மாதம் ஜான்சி போன் பண்ணினாள். ஜவ்வாது மலையில், காவலூருக்குப் போகிற வழியில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளி ஆபீசில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "மேடம், பட்டமளிப்புக்குப் பேரு வாசிக்கக் கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்க. பேர டைப் பண்ணா அதுவே பொம்பள கொரல்ல சொல்லுது. ஒத்திகையில பசங்க எல்லாம் சிரிக்குதுங்க. நீங்க எப்படித்தான் வாசிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. அது பாவம், யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஜான்சி கேட்டதும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுத வேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தேவகிருபை. எல்லோருக்கும் கிருபா. ஒடுகத்தூரில் பிறந்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, மலையேறி வந்து கிளார்க்காகச் சேர்ந்து, சூப்பிரண்டாக இறங்கினேன். மாணவிகளின் பெயர்களை மேடையில் வாசிப்பது என் வேலையில் வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற சிறு பகுதிதான். ஆனால் இந்த ஆயுளில் நான் வாய் பிளந்து நின்றதெல்லாம் அந்தச் சிறு பகுதியில்தான்.

நமக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டுகிறார்கள். பொம்பளையாக இருந்தால், கல்யாணம் ஆனதும் அதைப் பிய்த்துவிட்டுப் புருஷனின் எழுத்தை ஒட்டுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் மாறியது. மாறிய நாள் எதுவென்றுகூட நினைவில்லை. அப்படிப்பட்ட நான், எங்கெங்கிருந்தோ நர்சிங் படிக்க வரும் பெண்களின் பெயர்களை முதன்முதலாகப் பார்த்தபோது, இதெல்லாம் பெயரா, ரயில்வே ஸ்டேஷன் பலகையா என்றுதான் நினைத்தேன்.

கேரளத்திலிருந்து வரும் பெண்ணுக்கு வடக்கேடத்து என்று வீட்டுப் பெயர். அந்த வீடு எந்தத் திசையில் இருந்தது என்பது வரைக்கும் பெயரிலேயே இருக்கிறது. ஆந்திரப் பெண்ணுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால் வரும். பசுப்புலேட்டி என்று ஒருத்தி இருந்தாள். பசுப்பு என்றால் தெலுங்கில் மஞ்சளாமே என்று கேட்டால், "எங்க தாத்தாவுக்குத் தாத்தா மஞ்சள் வித்தாரோ என்னவோ மேடம்" என்று சிரிப்பாள். மிசோரம் பெண்களின் பெயர்களில் ஹ்மிங் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பெயர் என்றுதான் அர்த்தமாம். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை விட்டபடி தொடங்க வேண்டும். நான் என் டிபன் பாக்ஸ் மூடியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு பழகினேன். மூடியில் ஆவி படிந்தால் சரி, படியாவிட்டால் தப்பு. ஆபீசுக்குள் வந்த டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாடு கெட்டுப் போய்விட்டதா என்று விசாரித்தார்.

இதையெல்லாம் எனக்குள் ஏற்றியது எங்கள் பிரின்சிபால் ஹெலன் அம்மா. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒத்திகையின்போது கடைசி வரிசைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் வாசிப்பேன். தப்பு என்றால் ஒரு விரல் எழும். எது தப்பு என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்கிற வரைக்கும் விரல் கீழே இறங்காது. சில நாள் அந்த விரலை ஒடித்துவிடலாமா என்று இருக்கும். ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்தப் பெயர் சாகிற வரைக்கும் மறக்காது.

பெயரைத் தாளிலிருந்து படிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பெயருக்குச் சொந்தக்காரியின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிலும், "உன் பெயர் என்ன?" என்று ஆபீசில் கேட்டால் பெண்கள் நமக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். அதனால், "உங்கம்மா கோவத்துல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்கச் சொல்வார். கோபத்தில் எந்தத் தாயும் பெயரைச் சுருக்குவதில்லை. அவள் சொன்னதும் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் வாயைப் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் தோள் தானாகத் தளரும். "பரவாயில்ல மேடம், ஓகே" என்று அவள் சொன்னால் இன்னும் தப்பு என்று அர்த்தம். பிறகு அந்தச் சத்தத்தை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, எழுத்துக்கு அடங்காத இடத்தில் ஒரு புள்ளியோ கோடோ எனக்குத் தெரிந்த மாதிரி போட்டு வைத்துக்கொள்வேன்.

ஒரு சத்தத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று புதிதில் கேட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கு முந்திய கதையைச் சொன்னார். ஒரு பட்டமளிப்பில் யாரோ பெரிய டாக்டர் பெயர்களைப் படபடவென்று வாசித்திருக்கிறார். மிசோரத்திலிருந்து ஒரு தகப்பன், ரயில் மாறி ரயில் ஏறி வந்தவர், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விழா முடிந்து, பந்தலைப் பிரிக்கிற நேரத்தில், "என் மகளை எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டாராம். மகள் மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கியும் ஆகிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே தொப்பி, ஒரே உடுப்பு. கண்ணால் பார்த்துத் தெரியவில்லை, காதுக்கும் பெயர் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் வந்தது. பெயர் வாசித்ததும் அந்தப் பெயருக்குரிய வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். அவர்கள் நின்ற பிறகுதான் பெண் மேடையில் நடப்பாள். அவள் நடந்து முடிக்காமல் அடுத்த பெயரை வாசிக்கக் கூடாது. வேறெந்தக் கல்லூரியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. ஒரு பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் எங்கோ நாலு பேர், சில நேரம் ஒரே ஒருத்தர், எழுந்து நிற்பார்கள். ஒவ்வொரு வருஷமும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு வார்த்தையைச் சொல்கிறோம், மனுஷர்கள் எழுகிறார்கள். இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கண்டதில்லை.

இனி இபான்ரி.

மேகாலயாவிலிருந்து வந்த, காசி என்னும் மலை இனத்துப் பெண். பேசினால் மட்டும் அசல் ஒடுகத்தூர்க்காரி. வார்டில் மலைக்காரப் பாட்டிகளிடம், "இன்னாம்மா, கஞ்சி குடிச்சியா?" என்பாள். அவர்கள் அந்த முகத்தையும் அந்தப் பேச்சையும் சேர்த்துப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். காரணம் அவள் அப்பா. வேலாயுதம், ஒடுகத்தூர்க்காரர், பட்டாளத்தில் அவில்தார். ஷில்லாங்கில் வேலையில் இருந்தபோது மெரிடா என்ற காசிப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பென்ஷன் வந்ததும் ஊர் திரும்பி நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். மெரிடா வரவில்லை. மகள் இருவருக்கும் நடுவில். அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் எங்கள் மலைக்குப் படிக்க வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பஸ் பிடித்து இறங்கிவிடுவாள்.

பட்டமளிப்புக்குச் சில நாள் முன்னால் வேலாயுதம் ஆபீசுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மீசை, கையில் ஒரு பை வேர்க்கடலை.

"மேடம், ஒரு சின்ன விசயங்க. எம் பொண்ணு பேரு வாசிக்கறப்போ வே. பானுன்னு வாசிச்சிடுங்க. வூட்டுல நாங்க பானுன்னுதான் கூப்பிடறது."

"அவ பேரு இபான்ரி நொங்ப்லு இல்லீங்களா?"

"அது அவங்கம்மா வூட்டுப் பேருங்க. எங்க ஆளுங்க வேன் வச்சிக்கினு வர்றாங்க. அப்பன் பேரு இல்லாத வாசிச்சா இன்னா நெனப்பாங்க? பொண்ணுக்கு அப்பன் யாருன்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்தில் அப்பா பெயர் இல்லாத பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பேச்சை நீட்டுவதற்காக, "அந்த வூட்டுப் பேர நீங்க ஒரு தரம் சொல்லுங்க, பழகிக்கறேன்" என்றேன்.

"நாங்குபுலு," என்றார். உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் வாயில நொழையலீங்க. மெரிடா அடிச்சிக்குவா, அப்படி இல்ல, இப்படின்னு." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அவ கடைசிப் பொண்ணுங்க மேடம். அவங்க வழக்கத்துல கடைசிப் பொண்ணு தாய் வூட்ட வுட்டு வரக் கூடாதாம். அவதான் வூட்டைக் காப்பாத்தணுமாம். நான்தான் அங்கப் போயிக் கெடக்கணும். மாமியார் வூட்டுல குந்திக்கினு பென்ஷன் தின்னா ஊரு சிரிக்காதா? வந்துட்டேன். அவ வரல. பொண்ணு பேராவது என்னுதா இருக்கட்டுமே."

நான் ஹெலன் அம்மாவிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். அது அவர் முழுசாகக் கேட்கிறார் என்பதற்கு அடையாளம். நான் மூச்சு விடாமல் இரண்டு பக்க நியாயத்தையும் கொட்டினேன்.

"கிருபா, பேர யாருகிட்ட கேக்கணும்?"

"பொண்ணுகிட்ட."

"அப்ப எங்கிட்ட ஏன் வந்தே?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இபான்ரியை வார்டுக்குப் பின்னால், புளியமரத்தடிக் கல்லில் உட்கார வைத்துக் கேட்டேன். அவள் தன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"மேடம், எங்கள்ல பேரு அம்மா வழியாத்தான் வரும். எங்கம்மாவுக்கு அவங்கம்மாகிட்ட இருந்து, அவங்களுக்கு அவங்கம்மாகிட்ட இருந்து. எங்க வூட்ல நான் ஒரே பொண்ணு, பெரியம்மாங்களுக்கும் பொண்ணு பொறக்கல. நான் வெச்சிக்கிலைன்னா அந்தப் பேரு என்னோட நின்னுடும். அந்த வூட்டுக்கு ஆளே இல்ல."

ஒரு குச்சி மாதிரிப் பெண், அப்போதுதான் ஊசி போட்டுவிட்டு வந்த கை. அந்தக் கையில் எத்தனையோ தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று நீட்டிய ஒரு வீடு இருக்கிறது. எனக்கு என் அம்மாவின் அம்மா பெயர் தெரியும். அதற்கு மேலே ஒரு படிகூடத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரமிப்பு என்று சொல்வார்களே, அன்று அந்தப் புளியமரத்தடியில் எனக்கு வந்தது அதுதான். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"அப்ப நொங்ப்லுன்னே வாசிக்கறேன்," என்றேன்.

"வாசிங்க மேடம். ஆனா அப்பா எழுந்து நிக்க மாட்டாரு." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அது அவரு பேரு இல்லியே. அவரு எழுந்து வெளிய போய்ட்டா நான் இன்னா பண்றது? எனக்கு ரெண்டு பேரும் வேணும் மேடம்."

வேலாயுதத்துக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். மறைத்து வைத்து மேடையில் போட்டு உடைப்பது எனக்குப் பிடிக்காது. "செரிங்க மேடம். அந்த வூட்டுப் பேரத்தானே கூப்பிடப் போறீங்க? அப்ப அந்த வூட்டு ஆளுங்களே நிக்கட்டும்," என்று வைத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் மெரிடா வந்து சேர்ந்தார், தன் அண்ணனோடு. இரண்டு தோளிலும் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட காசி உடுப்பு, வெற்றிலைக் காவியேறிய உதடு. எனக்கு வரும் தமிழ் இந்தியும் அவருக்கு வரும் பட்டாளத்துத் தமிழும் சேர்ந்து ஒருவாறு பேச்சு ஓடியது. நான் என் வேலையை ஆரம்பித்தேன். அவர் பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அவர் தலையசைத்தார். தோள் தளரவில்லை.

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தலையசைத்தார். தப்பு.

அந்தப் பெயரின் கடைசியில் லு என்று இழுத்துவிடக் கூடாது. லு என்னும்போதே மூச்சைத் தொண்டையில் பட்டென்று அடைக்க வேண்டும். அந்த அடைப்பும் பெயரில் சேர்த்தி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. நான் திணறுவதைப் பார்த்து, மெரிடா சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். "நொங்ப்லு" என்றார். தொண்டைக்குள் ஒரு சின்னக் கதவு சாத்திக்கொண்டது என் விரலுக்குத் தெரிந்தது. பிறகு தன் விரல்களை என் கழுத்தில் வைத்தார். நான் சொன்னேன். இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அவர் தோள் தளர்ந்தது. முன்பின் தெரியாத இரண்டு பொம்பளைகள் ஒருத்தி கழுத்தில் ஒருத்தி கை வைத்துக்கொண்டு நிற்கிறோம். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பந்தல் நிரம்பியது. மலைக்கிராமத்து ஜனங்களும் சும்மா பார்க்க வந்திருந்தார்கள். ஒடுகத்தூர் வேன் வந்தது. வேலாயுதம் வராமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். வந்தார். வந்து, மனைவி உட்கார்ந்திருந்த முன்வரிசைப் பக்கம் திரும்பாமல், வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருடைய அக்கா, கனத்த உடம்பும் வெங்கலக் குரலுமாக இருந்த அம்மாள், முன்னால் இருந்த வடகிழக்கு மனிதர் யார் என்று விசாரித்தாள். பெண்ணின் மாமா என்று யாரோ சொன்னார்கள்.

"தாய்மாமனா? இதுக்கோசரம் அவ்ளோ தூரத்துல இருந்து வந்துக்கிறாரா?" என்று அந்த அம்மாள் அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து கும்பிட்டார்.

பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு வீடு எழுந்து நின்றது. வடக்கேடத்துக்காரர்கள் ஒரு வரிசையே எழுந்தார்கள். மிசோ பெண்ணுக்கு ஒரே ஒரு அண்ணன், எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். என் கையில் அடுத்த அட்டை வந்தது. மேடைப் படியில் இபான்ரி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இபான்ரி நொங்ப்லு."

மெரிடா எழுந்தார். அண்ணன் எழுந்தார். மெரிடா தலையை நிமிர்த்தி நின்ற நிற்பில் பின்னால் இன்னும் யார் யாரோ நிற்பது போல இருந்தது எனக்கு.

இபான்ரி நகரவில்லை. அவள் கண் கடைசி வரிசையில் இருந்தது. வீட்டார் நின்றாகிவிட்டது, அவள் நடக்கலாம். நடக்கவில்லை. அவள் நடக்காமல் நான் அடுத்த பெயருக்குப் போக முடியாது. பந்தலில் சலசலப்பு கிளம்பியது. தண்ணீர்க் குவளையை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன். பக்கத்தில் சீஃப் கெஸ்ட் சான்றிதழை நீட்டியபடி சிரித்து முடித்துவிட்டு, மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

கடைசி வரிசையில் நாற்காலி பின்னால் தள்ளுப்பட்டு விழுந்தது. வேலாயுதம் எழுந்துவிட்டார்.

போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாசல் அவருக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் மேடையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, குதிகால் இரண்டையும் சேர்த்து, பட்டாளத்தில் நிற்பது போல நின்றார். வேட்டி கட்டிக்கொண்டு யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அக்காள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, பந்தல் முழுக்கக் கேட்டது. "டேய் வேலு, இன்னாத்துக்குடா எழுந்துக்கினே? உம் பேர ஒண்ணும் கூப்பிடலியே!"

"எம் பொண்டாட்டி வூட்டுப் பேரு," என்றார் அவர். "நாங்குபுலு. நீயும் எழுந்து நில்லுக்கா."

உச்சரிப்பு தப்பு. முழுக்கத் தப்பு. ஆனால் முன்வரிசையில் மெரிடாவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

அக்காள் ஒரு கணம் தம்பியைப் பார்த்தாள், பிறகு மேடையில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். நாற்காலிக் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் அவள் மகன் எழுந்தான். வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக, எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாமலே, கடைசி வரிசை முழுக்க எழுந்து நின்றார்கள்.

இபான்ரி மேடையில் நடந்தாள்.